ஆகாயத்தில் நிற்பவர் கணக்கில் சேரார்

லங்கையிலிருந்து வந்த எட்டுப் பிக்குணிகளில் ஏழு பேருடைய கால்தான் சீன தேசத்து ஜியான்காங் மண்ணில் பட்டது. எட்டாவது ஆளான உத்தியாவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அன்று துறையில் நல்ல சேறு. உப்பு விலை ஏறியிருந்த வருடம் அது. கூட்டம் முழுக்க உப்புப் படகைச் சுற்றி நின்றதால் வந்திறங்கியவர்களின் காலை யாரும் பார்க்கவில்லை. மடத்திலிருந்து கொண்டுபோன வைக்கோல் செருப்புகளை மாட்டிக்கொண்டு எட்டுப் பேரும் வரிசையாக மல்பெரித் தோட்டத்து மடத்துக்கு நடந்து வந்தார்கள். ஏழு பேரின் செருப்பு வாசலிலேயே பிய்ந்து விழுந்தது. உத்தியாவின் செருப்பு முடைந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. வாசலில் வாளியும் துணியுமாக நின்றிருந்த ஹுவேய்லான்தான் அதை முதலில் கண்டாள். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவி, முன்கோபி. குனிந்து அந்த இடைவெளியில் துடைக்கும் துணியை ஒரு முறை விட்டு எடுத்துப் பார்த்தாள். "மத்தவங்க காலைக் கழுவிட்டு வாங்க. நீ அப்படியே வா" என்றாள். வந்தவர்களுக்கு அந்த ஊர் பேச்சு புரியாது. ஆனாலும் ஏழு பேர் கழுவினார்கள், ஒருத்தி அப்படியே போனாள்.

அவர்களை வரவழைத்ததற்குக் காரணம் ஒரு விதி. பெண்ணொருத்தி முழுத் துறவு பெறவேண்டுமானால் முதலில் பத்துப் பிக்குணிகள் கூடி அவளுக்குத் தீட்சை தர வேண்டும். அதன்பின் பிக்குகளும் தர வேண்டும். ஊரில் அதுவரை பிக்குகள் மட்டுமே தந்துகொண்டிருந்தார்கள், பிக்குணிகள் இருந்தால்தானே தருவதற்கு. அப்படிப் பாதித் தீட்சை வாங்கியவர்கள் அந்த மடத்தில் முப்பது பேருக்கு மேல். ஹுவேய்லான் பத்தொன்பது வயதில் வாங்கியவள். ஒரே ஒரு கோடைக்காலம் ஒருவனுக்கு மனைவியாக இருந்து, அவன் குடித்துவிட்டு அடித்த அடியில் ஒரு காது மந்தமாகி, ஆற்றைக் கடந்து ஓடிவந்து தலையை மழித்துக்கொண்டவள். ஐம்பது வருடம் கஞ்சி காய்ச்சினாள், ஜபம் சொன்னாள், மதியத்துக்குப் பிறகு ஒரு பருக்கை தொட்டதில்லை. அப்படிப்பட்டவள் காதில், கேட்கும் காதில், கடைத்தெருவில் ஒருவன் சொன்னது விழுந்தது. "இவங்க பிக்குணிங்க இல்லப்பா. மொட்டை போட்ட குடும்பப் பொம்பளைங்க." அவளுக்கு அது வெறும் அவமானமாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. முழுத் துறவி இல்லை என்றால் அவள் இன்னும் அந்தக் குடும்பத்தின் மருமகள். கணவன் எப்போதோ செத்துவிட்டான். அக்கரையில் அவன் குழிக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் இடம் ஒதுக்கி, கல் நட்டு, அதில் அவள் பழைய பெயரையும் வெட்டி வைத்திருந்தார்கள். கொழுந்தன் வென் வருடா வருடம் வசந்தத்தில் படகேறி வந்து அதை நினைவுபடுத்துவான். நல்ல மனுஷன்தான், அதுதான் எரிச்சல். "அண்ணி, கல்லைச் சுத்திப் புல்லெல்லாம் செதுக்கியாச்சு. கவலைப்படாதீங்க" என்பான். அவன் கொண்டுவரும் பேரிக்காயை அவள் பன்றிக்குப் போடச் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

வந்தது எட்டு. தேவை பத்து. கப்பல்காரன் எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது என்றான். திரும்பிப் போய் மீதியைக் கூட்டி வருகிறேன் என்றான். காற்றைப் பார்த்துப் போய் காற்றைப் பார்த்து வர மூன்று வருடம். மடத்தின் தலைவி பாவ்ஜென் அவனைத் துறையிலேயே வைத்துக் கேட்டாள்: "பத்துன்னுதானே சொல்லி அனுப்பினோம்? எட்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா கடலைத் தாண்டுறே?" கப்பல்காரன் எண்ணெய், சந்தனம், மயில் என்று ஏற்றியதைச் சொல்ல ஆரம்பித்தான். மயிலுக்கு இடம் இருந்திருக்கிறது.

அந்த மூன்று வருடத்தில் எட்டுப் பேரும் ஊர் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். மூத்தவளான நாகமித்தா தேரி முறையாக, எழுத்தோடு கற்றாள். உத்தியா சமையல்கட்டில் கற்றாள், ஆகவே அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஹுவேய்லானின் வசவுகள். அடுப்பு ஊதக் குனிந்தால் உத்தியாவுக்கு அடுப்பு எட்டாது. ஒரு சாண் மேலேயே நிற்கும் உடம்பு. உட்கார்ந்தால் பாய்க்கு ஒரு சாண் மேலே உட்காருவாள். முக்காலி போட்டால் முக்காலிக்கு ஒரு சாண் மேலே. படுத்தால் அடியில் குளிர்காற்று புகுந்து போகும். அந்த இடைவெளியில் பஞ்சுப் பொதி திணித்தால்தான் மாசி மாதம் தாங்கும். ஹுவேய்லானுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். பரணில் இருக்கும் உப்பு முள்ளங்கி ஜாடியை எடுக்கத்தான் லாயக்கு என்று தினமும் சொல்லி, தினமும் அவளையே எடுக்கச் சொன்னாள். வேறு யாரையும் சமையல்கட்டுக்குள் விடவில்லை. ஒரு நாள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, எங்க ஊர் மண்ணு அவ்வளவு கேவலமா?"

"நான் என்ன பண்ணட்டும் அக்கா? கால் வைக்கத்தான் வைக்கிறேன். தரைதான் வர மாட்டேங்குது."

"வரலைன்னா விட்டுடுவியா? அழுத்தி வை."

"அழுத்தினா தொடைதான் வலிக்குது."

ஊர் வைத்தியர் நாடி பார்த்து, நீண்ட பயணத்தில் உடம்புக்குள் கடல் ஏறிவிட்டது என்று சொன்னார். கப்பலில் இருந்தபோது கால் பலகையில் பட்டதா என்று நாகமித்தாவிடம் கேட்டார்கள். ஏழு மாதம் எல்லாரும் குமட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தோம், யார் யாருடைய காலைப் பார்த்தது என்றாள் அவள். வைத்தியர் மருந்தும் கொடுத்து, ஆற்றுப் பக்கமே அவளை விடக்கூடாது, ஓடும் தண்ணீரைக் கண்ணால் பார்த்தாலும் கடல் கிளம்பும் என்று சொல்லிப் போனார். மூன்று வருடம் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். கெட்டது அங்கேதான். தண்ணீர் எடுக்கக்கூட அவளை அனுப்பவில்லை.

கூட்டம் மட்டும் வந்தது. சாண் உயரத்தில் நிற்கும் பிக்குணியைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். அவள் காலடியில் கையை விட்டுப் பார்த்தார்கள், குழந்தையை உருட்டி விட்டு எடுத்தார்கள், காணிக்கை வைத்தார்கள். முட்டி வலிக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பட்டு வியாபாரி ஷென் தன் பங்குக்கு மலைக்கல் இறக்கினார். அந்தக் காணிக்கையிலும் கல்லிலும் தோட்டத்தின் தென்பக்கம் தீட்சை மேடை ஒன்று எழும்பியது: மூன்று அடுக்கு, நாலு பக்கமும் படி, எல்லைக் கற்கள். அந்த ஊரில் பெண்களுக்கென்று அப்படியொரு மேடை அதற்கு முன் இருந்ததில்லை. ஷென் வாரம் ஒரு முறை வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் வருடக் கடைசியில் கப்பல் வந்தது. மூன்று பேர் ஏறி, ஒருத்தி வழியில் காய்ச்சலில் இறந்து, இரண்டு பேர் இறங்கினார்கள். இருவரின் காலும் சேற்றில் நன்றாகப் புதைந்தது. எட்டும் இரண்டும் பத்து. ஹுவேய்லான் அன்று யாரையும் திட்டவில்லை. தனக்கென்று வைத்திருந்த புது அங்கியை எடுத்து வெயிலில் போட்டாள். அவளுக்கு அதற்குள் இருமலில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடிவிடுவாள். உத்தியாவுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் விதி நூல் அறிந்த பிக்கு தாவ்செங் வந்தார். மேடையைச் சுற்றிப் பார்த்தார், கற்களை அளந்தார், பத்துப் பேரையும் நிற்கச் சொல்லி எண்ணினார். ஒன்பதில் நிறுத்திவிட்டார்.

"பத்தாவது ஆள் எங்கம்மா?"

"அங்கதான் நிக்கிறாங்க ஐயா" என்றாள் பாவ்ஜென்.

"நிக்கலையே. மிதக்கிறாங்க."

யாருடைய எண்ணிக்கை சபைக்குச் செல்லாது என்று நூலில் ஒரு வரிசை உண்டு. பித்துப் பிடித்தவர், விலக்கி வைக்கப்பட்டவர், எல்லைக்கு வெளியே இருப்பவர். அந்த வரிசையில், சித்தியால் ஆகாயத்தில் நிற்பவரும் இருந்தார். அதை தாவ்செங் மனப்பாடமாகச் சொன்னார், அழகாகவும் சொன்னார். எட்டுப் பேர் வந்த அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்று பாவ்ஜென் கேட்டாள். அன்று பத்து சேரவில்லை, சேராத சபைக்கு விதி பார்ப்பது முறையில்லை என்றார். மூன்று வருடம் இவர் வாரா வாரம் இந்த மடத்தில் கஞ்சி குடித்தவர். உத்தியா ஜாடி எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தவர்.

அந்தக் கார்காலம் முழுக்க விவாதம் நடந்தது. நூல் "சித்தியால்" என்றுதானே சொல்கிறது, இவளுக்கு என்ன சித்தி இருக்கிறது என்று நாகமித்தா கேட்டாள். உத்தியாவைச் சபை நடுவே மிதக்கவிட்டு விசாரித்தார்கள். "எனக்கு என்ன சக்தி ஐயா? நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்றாள். அப்படியானால் இது எதனால் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். தெரியாத காரணத்தை விதிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு பிக்கு எழுந்தார். சித்தி இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார் இன்னொருவர். அவளைக் கீழே இறக்கினால் நிரூபணம் ஆகிவிடும் என்று மூன்றாமவர் சொன்னார். அந்த ஒன்றில் மட்டும் எல்லாருக்கும் ஒத்துப்போயிற்று. அங்கிக்குள் கல் வைத்துத் தைத்தார்கள். கயிற்றால் முளையில் இழுத்துக் கட்டினார்கள். கயிறு அறுந்தது, சாண் குறையவில்லை. பருமனான இரண்டு பிக்குணிகளை அவள் தோளில் ஏற்றினார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சாண் உயரத்தில் நின்றார்கள், இறங்க முக்காலி தேவைப்பட்டது. ஒருவேளை சொந்த மண் வேண்டுமோ என்று, கப்பலில் தென்னங்கன்றோடு வந்த தொட்டியை உடைத்து லங்கை மண்ணைப் பரப்பி அதன்மேல் நிறுத்தினார்கள். அதற்கும் ஒரு சாண் மேலேதான். தென்னங்கன்று பட்டுப்போனது மிச்சம். கடைசியில் வடக்கே பெரிய மடத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து பதில் வந்தது: ஆகாயம் ஆகாயமே.

கப்பல்காரன் இன்னொரு நடை போய் ஒருத்தியைக் கூட்டி வருகிறேன் என்றான். இன்னொரு மூன்று வருடம். ஷென் தன் மேடையில் பாசி பிடிக்கிறது என்று புகார் சொன்னார். பாவ்ஜெனுக்குப் பாதித் தலைமுடி நரைத்திருக்கும், முடி இருந்திருந்தால். பார்க்க வருகிறவர்கள் மட்டும் குறையவேயில்லை. முட்டி வலிக்காரர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க, உத்தியா சமையல்கட்டிலேயே ஒளிந்திருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் வென் வந்தான். பேரிக்காய் கொண்டுவந்தான். "அண்ணி, உடம்பு ரொம்ப இளைச்சிருக்கு. ஒண்ணும் யோசிக்காதீங்க, கல்லுக்கு எண்ணெய் தடவி வச்சிருக்கேன்" என்றான். ஹுவேய்லான் அவனை வழக்கம்போல் திட்டவில்லை, அதில் அவனே பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பினான். அன்று சபைக்கூடத்தில் மறுபடியும் கூட்டம், தாவ்செங் வந்திருந்தார், வடக்கு மடத்துப் பதிலில் "ஆகாயமே" என்பதில் அழுத்தம் எதன்மேல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹுவேய்லான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். உள்ளே போய், வெயிலில் போட்டு எடுத்து வைத்திருந்த புது அங்கியைப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். பழைய அங்கியோடு துணி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் அக்கரைக்குப் போறேன்" என்றாள் உத்தியாவிடம்.

"எதுக்கு அக்கா?"

"எதுக்கா? குழி தோண்டி வச்சிருக்கான், கல்லுக்கு எண்ணெய் வேற தடவியிருக்கான். அந்தக் குடிகாரன் பக்கத்துலேயே போய்ப் படுத்துக்கறேன். உங்க சபை முடிஞ்சதும் தோண்டி எடுத்து தீட்சை கொடுங்க."

உத்தியா மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹுவேய்லானும் நகராமல் நின்றாள். அவள் நகர முடியாததற்குக் காரணம் வேறு. பிக்குணி தனியாக ஆற்றைக் கடக்கக்கூடாது. அது பெரிய குற்றம். தான் பிக்குணி இல்லை என்று ஊரே சொல்லி, தானும் நம்பி, மூட்டை கட்டிவிட்ட பிறகும் அவளால் அந்த விதியை மீற முடியவில்லை. ஐம்பது வருடப் பழக்கம். "பார்த்துக்கிட்டு நிக்காதே, துணைக்கு வா" என்று எரிந்து விழுந்தாள். வேறு யாரையும் கூப்பிடவும் முடியாது. எல்லாரும் சபையில் இருந்தார்கள். சபையில் எண்ணிக்கைக்கு வேண்டாத ஆள் ஒருத்திதான் மடத்தில் இருந்தாள். வைத்தியர் சொன்னது இருவருக்கும் நினைவு வந்தது. "கடல் கிளம்பினா கிளம்பட்டும். இதுக்கு மேல என்ன கெட்டுடப் போகுது" என்றாள் ஹுவேய்லான்.

துறையில் படகோட்டி கௌ சுமை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஹுவேய்லான் முதலில் ஏறி இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். உத்தியா கரையிலிருந்து, எப்போதும் போல ஒரு சாண் உயரத்திலிருந்து, படகுக்குள் காலெடுத்து வைத்தாள். நாலு வருடமாக இல்லாத படியை எதிர்பார்த்து வைக்கிற கால், ஆகவே பலமாக வைத்தாள். பலகையில் இடி விழுந்த மாதிரி சத்தம். படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறியது.

"யம்மா! மெதுவா! படகைப் பொத்தல் போட்டுடாதீங்க!" என்று கத்தினான் கௌ. "மிதக்கிற ஆளுன்னு சொன்னாங்களேன்னு பார்த்தா நெல்லு மூட்டை கணக்கா வந்து விழுறீங்க?"

உத்தியா தன் காலைப் பார்த்தாள். பாதம் பலகையில் இருந்தது. விரலை விரித்தாள், மடக்கினாள். மற்ற காலையும் வைத்தாள். அதுவும் பட்டது. ஹுவேய்லான் குனிந்து, வந்த அன்று செய்த மாதிரியே, அங்கியின் ஓரத்தை அவள் காலடியில் விட்டுப் பார்த்தாள். துணி நுழையவில்லை. படகு அதற்குள் ஆற்றின் நடுப்பாகத்துக்கு வந்துவிட்டது. ஹுவேய்லான் துணியை உதறி நிமிர்ந்தாள்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"

"யாருமே என்னைப் படகுல ஏத்தலையே அக்கா."

"வாயத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"உங்க வைத்தியர்தான்…"

"அவன் கிடக்கான்." கௌவின் பக்கம் திரும்பினாள். "படகைத் திருப்பு."

பாதி ஆறு வந்துவிட்டது, இனி எந்தப் பக்கம் போனாலும் தனக்கு ஒன்றுதான், ஆனால் கூலி இரண்டு நடைக்கு என்றான் கௌ. பிக்குணிகள் காசு தொடுவதில்லை. ஒரு ஜாடி உப்பு முள்ளங்கிக்குப் பேசி முடித்தாள். கரையில் இறங்கியதும் உத்தியா மறுபடி ஒரு சாண் மேலே போய்விட்டாள். ஹுவேய்லான் அதைச் சட்டையே செய்யவில்லை. மூட்டையோடு நேராகச் சபைக்கூடத்துக்குள் நுழைந்து, அழுத்தம் எதன்மேல் என்று பேசிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள்.

நாகமித்தா தாவ்செங்கைப் பார்த்தாள். தாவ்செங் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆற்று நடுவே படகில் தீட்சை கொடுக்க நூலில் இடம் உண்டு என்றார். படகைக் கரையில் கட்டியிருக்கக்கூடாது, மரக்கிளை தொடக்கூடாது, நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். நடுத்தர பலமுள்ள ஆள் ஒருவன் சுற்றிலும் தண்ணீரை வாரி இறைத்தால் அது விழுகிற தூரம்தான் எல்லை.

"இது நூல்ல இருந்துச்சா?" என்றாள் பாவ்ஜென்.

"இருந்தது."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே இருந்ததும்மா."

பாவ்ஜென் அதன்பிறகு அவருக்கு நேரடியாகப் பதில் சொன்னதே இல்லை என்பார்கள். நெல் ஏற்றும் அகலமான படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ஷென் வந்து குதித்தார். "மூணு அடுக்கு மேடை அய்யா! மலைக்கல்! அதை விட்டுட்டு நெல்லுப் படகுலயா?" மேடை அப்படியே இருக்கும், எங்கும் போகாது என்று பாவ்ஜென் சொன்னாள். பிக்குகள் தங்கள் பங்குக்கு இன்னொரு படகில் வந்தார்கள், தாவ்செங் கரை தாண்டுவதற்குள் வாந்தியெடுத்தார். தண்ணீர் இறைக்க நடுத்தர பலமுள்ள ஆளாகக் கௌவைச் சொன்னார்கள். அதில் ஒரு தகராறு. "யாரு நடுத்தரம்? இந்தத் துறையில என்னை விட எவன் துடுப்புப் போடுவான், கூப்பிடு பார்ப்போம்" என்று அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். கடைசியில் பிக்குகளின் படகை ஓட்டி வந்தவனை இறைக்கச் சொன்னார்கள். அவனும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இறைத்தான்.

பத்துப் பேர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்கள். உத்தியா பலகையில் உட்கார்ந்தாள், முழு உடம்பும் பட. நாலு வருடமாக எதிலும் படாத முட்டியும் இடுப்பும் வலித்தன, முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். தாவ்செங் பக்கத்துப் படகிலிருந்து, வெளிறிய முகத்தோடு, எண்ணினார். பத்து. முதலில் ஹுவேய்லான் முட்டி போட்டாள். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்த புது அங்கி மடிப்பு மடிப்பாக நின்றது. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார்கள். நோய் உண்டா என்பதும் அதில் ஒன்று. நூலில் இருக்கும் நோய்கள் எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னாள். நூலில் இருமல் இல்லை. மூன்று முறை அறிவித்தார்கள், மூன்று முறையும் யாரும் மறுக்கவில்லை. நேரத்தைக் குறிக்க நிழலை அளக்க வேண்டும். படகு ஆடியதில் நிழல் நிற்கவில்லை, இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள். பிறகு பலகை போட்டு பிக்குகளின் படகுக்குப் போய் அங்கேயும் அதையே கேட்டு, வாங்கி, திரும்பினாள். அன்று தொடங்கி ஐந்து நாளில் மடத்திலிருந்த எல்லாரும் வாங்கினார்கள். பாவ்ஜென் இரண்டாவது. முந்தி வாங்கியவரே மூத்தவர், ஆகவே அதன்பின் எந்த வரிசையிலும் சமையல்காரி முன்னே போனாள், தலைவி பின்னே போனாள். அவள் மெதுவாக நடப்பது பாவ்ஜெனுக்குத் தீராத தொல்லை.

அடுத்த முறை வென் வந்தபோது ஹுவேய்லான் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப அந்தக் கல்லை என்ன பண்றது அண்ணி? பேரெல்லாம் வெட்டியாச்சே."

"துணி துவைக்க வச்சுக்க."

அவன் சொன்னதைச் செய்கிற ஆள். கல்லைப் பெயர்த்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டான். அந்தக் குடும்பத்தின் துணிகள் இப்போதும் அதில்தான் துவைக்கப்படுகின்றன. பெயர் தேய்ந்துவிட்டது. ஹுவேய்லான் அந்த வருடப் பேரிக்காயைத் தானே தின்றாள், மதியத்துக்கு முன்பே.

குளிர்காலத்தில் அவள் இறந்தாள். முழுப் பிக்குணியாக இறந்தாள், ஆகவே மடத்தின் பின்னால், மல்பெரி மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். உறைந்த மண், தோண்டச் சிரமப்பட்டார்கள். கடைசிக் கூடை மண்ணைக் கொட்டி மேடு கட்டியதும் முறைப்படி ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். உத்தியாவின் முறை வந்தது. அவள் சுற்றவில்லை. நேராக மேட்டின்மேல் ஏறினாள். புது மண் அழுந்துகிற சத்தம் கேட்டது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் செருப்பு மண்ணில் இருந்தது, விளிம்பில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள். இறங்கியதும் வழக்கமான உயரத்துக்குப் போனாள். நாகமித்தா வாய் திறக்கப் போனாள், பாவ்ஜென் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கஞ்சி ஆறுகிறது என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள்.

மறுநாளும் உத்தியா அங்கே போய் நின்றாள். அதற்கு அடுத்த நாளும். காலைச் சமையலுக்கு முன் போவாள், நிற்பாள், வருவாள், பரணிலிருந்து ஜாடியை எடுப்பாள். விஷயம் எப்படியோ தாவ்செங்குக்குப் போய், அந்த மேட்டில் பத்துப் பேர் கை எட்டும் தூரத்தில் உட்கார இடம் இருக்குமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். பாவ்ஜென் வந்தவனுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பிவைத்தாள், பதில் கொடுக்கவில்லை. அடுத்த தீட்சைகளும் நெல் படகிலேயே நடந்தன. ஷென்னின் மேடை நல்ல வெயில் படுகிற இடம், மூன்று அடுக்கிலும் முள்ளங்கி காயவைத்தார்கள். மேட்டில் புல் வளர்ந்தது, உச்சியில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் வளரவில்லை. வசந்தம் முடிவதற்குள் உத்தியாவுக்குப் புதுச் செருப்பு முடைய வேண்டியிருந்தது.